கரைக்காதீர்கள், புரட்டுங்கள்: அலபாமா முறையில் வெண்டைக்காயும் பச்சைத் தக்காளியும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பஜ்ஜி இல்லை. தங்கை வீட்டில், எதிர் வீட்டில் என்று இதுவரை நான்கைந்து பேருக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். எல்லோருக்கும் பாதியிலேயே கை தண்ணீர்ச் செம்பைத் தேடிப் போகிறது. மாவு என்றாலே கரைக்க வேண்டும் என்று பழகிய கை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காய் பொரிக்கும் இந்த முறையில் மாவுக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. காய் நனைந்திருக்க வேண்டும், மாவு உலர்ந்திருக்க வேண்டும். மொறுமொறுப்பின் ரகசியம் முக்கால்வாசி இதில் அடங்கிவிட்டது. மீதிக் கால்வாசி பொறுமை.

நான் சமையல்காரன் இல்லை. நில அளவைத் துறையில் 32 ஆண்டுகள் வயல் வரப்புகளில் சங்கிலி பிடித்து நடந்துவிட்டு, இப்போது திருவையாற்றுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் ஓய்வாக இருப்பவன். மகன் அலபாமா மாநிலத்தில் பர்மிங்காமில் வேலையில் இருந்தபோது நானும் மனைவியும் போய் நான்கு மாதம் தங்கினோம். அடுத்த வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பின மூதாட்டி இருந்தார். கொல்லையில் வெண்டைச் செடி போட்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் செடியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தவர், மறுநாள் ஒரு கிண்ணம் நிறையப் பொரித்த வெண்டைக்காயைக் கொண்டுவந்து கொடுத்தார். சூடு ஆறுவதற்குள் கிண்ணம் காலியாகிவிட்டது. அடுத்த வாரமே அவர் அடுப்படியில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அதை ‘ஓக்ரா’ என்றார். மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்த சொல் அது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு கடல் தாண்டிய காய். அதற்கு மேலே பூசுகிற மக்காச்சோளமோ, அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகள் தொன்றுதொட்டுப் பயிரிட்டு வந்த தானியம். பொரிக்கப் பலரும் பயன்படுத்துவது கடலை எண்ணெய். ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் நிலக்கடலை நன்றாக விளைகிறது, நம் பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுப் பக்கம் போல. ஆகவே இந்தப் பண்டத்துக்கு வேண்டிய எதையும் நாம் விமானத்தில் வரவழைக்க வேண்டியதில்லை. தொந்தரவு தருவது ஒன்றே ஒன்றுதான்: மக்காச்சோள மாவு.

அதில்தான் நான் முதலில் சறுக்கினேன். ஊருக்குத் திரும்பியதும் கடையில் ‘கார்ன் ஃப்ளோர்’ என்று கேட்டு வாங்கி வந்தேன். பாக்கெட்டைப் பிரித்தால் வெள்ளை வெளேரென்ற பொடி. விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்று சத்தம். மக்காச்சோளத்திலிருந்து மாச்சத்தை மட்டும் பிரித்தெடுத்த பொடி அது. சூப்பைக் கெட்டியாக்க உதவும். அதில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வந்தது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. நமக்கு வேண்டியது முழு மக்காச்சோளத்தை உடைத்த மஞ்சள் ரவை. பெரிய ஊர்களின் சூப்பர் மார்க்கெட்டுகளில் மக்காச்சோள ரவை என்றே கிடைக்கிறது. கிடைக்காதவர்கள் என்னைப் போல அரைத்துக்கொள்ளலாம்.

கொள்ளிடத்தைத் தாண்டிவிட்டால் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் ஏக்கர் ஏக்கராகக் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. உணவுக்கென்று விற்கும் மளிகைக் கடையில் உலர்ந்த மணிகளாக வாங்குங்கள். விதைக் கடைப் பக்கம் போகவே கூடாது. விதைக்கு விற்கும் மணியில் பூஞ்சாணக் கொல்லி பூசி இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள், அது நஞ்சு. தீவனக் கடையும் வேண்டாம். ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த மணிகள் அதில் கலந்திருக்கலாம். பூஞ்சையின் நஞ்சு, எண்ணெய்க் கொதியிலும் முழுதாக அழியாது. வாங்கி வந்ததைத் தாம்பாளத்தில் பரப்பி, கறுத்த மணி, சுருங்கிய மணி எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கழுவ வேண்டாம். ஒரு நாள் வெயிலில் போட்டால் போதும்.

மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் உங்களுக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருப்பார்கள். ஒரு முறை அப்படி மாட்டிக்கொண்டேன். அன்று பொரித்ததைத் தின்றவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டே தின்றார்கள். “ரவைப் பதத்துக்கு உடைத்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் இட்டுப் புடைத்தால் மேல்தோல் செதில் செதிலாகப் பறந்துவிடும். பிறகு கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கடல் மணலைப் போல விரல்களுக்கிடையே சரிந்து ஒழுக வேண்டும். உள்ளங்கையில் மட்டும் மஞ்சள் பொடி லேசாக ஒட்டியிருக்க வேண்டும். கொழுக்கட்டை மாவு போல உருண்டை பிடித்தால் மிக மையாக அரைத்துவிட்டார்கள் என்று பொருள். குருணை போலப் பல்லில் கடிபட்டால், சல்லடையில் ஒரு முறை சலித்துப் பெரியதை ஒதுக்கிவிடலாம். முழுத்தானியம் என்பதால் அதன் எண்ணெய்ப் பசை சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இவ்வளவு அலைய முடியாது என்பவர்கள் பொடி ரவையும் அரிசி மாவும் சம அளவில் கலந்து கொள்ளுங்கள். மொறுமொறுப்பு வந்துவிடும். மக்காச்சோளத்துக்கே உரிய இனிப்பு வாசனை மட்டும் வராது. அந்த வாசனைக்காகத்தான் நான் மில்லில் வரிசையில் நிற்கிறேன்.

நான்கு பேருக்கு அளவு: வெண்டைக்காய் 400 கிராம், கெட்டித் தயிர் 150 மில்லி, மக்காச்சோள ரவை 150 கிராம், அரிசி மாவு 40 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் கால் தேக்கரண்டி. அங்கே அரிசி மாவுக்குப் பதில் கோதுமையின் வெள்ளை மாவைச் சேர்க்கிறார்கள், நம் மைதாதான். இரண்டையும் செய்து பார்த்தேன். மைதா போட்டால் ஆறியதும் மேல்தோல் லேசாக இழுபடுகிறது, அரிசி மாவு போட்டால் நெடுநேரம் முறுக்காக நிற்கிறது. நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது!

பெருங்காயம், சோம்பு, கரம் மசாலா எதுவும் வேண்டாம். என் மனைவி ஒரு நாள் நான் பார்க்காதபோது பெருங்காயத்தூள் போட்டுவிட்டார். நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு பண்டம்.

வெண்டைக்காய் விரல் நீளத்துக்கு மேல் போகாத பிஞ்சாக இருக்க வேண்டும். நுனியை ஒடித்தால் மளுக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் முற்றல். முழுக் காயாகக் கழுவி, துணியில் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் பரப்பி வையுங்கள். ஈரக் காயில் கத்தி வைத்தால் கொழகொழவென்று பலகை முழுவதும் இழையும். காம்பை நீக்கிவிட்டு அரை அங்குல வட்டங்களாக வெட்டுங்கள். முதல் நாள் அடிக்கோலை வைத்து அளந்து வெட்டினேன். வரப்பை அளந்த புத்தி வெண்டைக்காயிலும் போகவில்லை என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அளவுக்குக் காரணம் உண்டு. அதைவிட மெல்லியதாக வெட்டினால் மாவைத்தான் தின்பீர்கள், காய் இருக்காது. தடிமனாக வெட்டினால் வெளியே சிவந்த பிறகும் நடுவில் கொழகொழப்பு தங்கிவிடும்.

அடுத்து மோர். அவர்கள் கடையில் வாங்கும் மோர் புளிக்க வைத்த கெட்டித் திரவம். நம் நீர்மோரை அதற்குப் பதிலாக ஊற்றினால் மாவு ஒட்டாமல் வழிந்துவிடும். ஒரு நாள் புளித்த தயிரை இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள். தோசை மாவை விடச் சற்று இளகலாக இருந்தால் சரி. அதில் வெட்டிய காயைப் போட்டுப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். புளிப்பு பட்டால் வெண்டையின் கொழகொழப்பு அடங்கும். இது நமக்குப் புதிய செய்தி இல்லை; வெண்டைக்காய் வதக்கும்போது ஒரு கரண்டி மோர் தெளிக்காத வீடு எது? சித்திரை வெயிலில் உப்பு மோரில் ஊறப்போட்டு மொட்டை மாடியில் காயவைக்கிற வெண்டைக்காய் வத்தலும் இதே கணக்குதான். அந்த மூதாட்டியிடம் வத்தலைப் பற்றி என் மனைவி சொன்னபோது, ஆறு மாதம் கெடாது என்ற இடத்தில் அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ரவை, அரிசி மாவு, உப்பு, காரம் எல்லாவற்றையும் அகலமான தாம்பாளத்தில் கலந்து பரப்புங்கள். இடது கையால் தயிரிலிருந்து காயை அள்ளுங்கள், வழிவது வழியட்டும். பிறகு மாவில் போடுங்கள். வலது கையால் புரட்டுங்கள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை உலர்வுக்கு. இரண்டு கையும் கலந்தால் ஐந்தாவது நிமிடத்தில் பத்து விரலிலும் பஜ்ஜி மாவு ஒட்டியிருக்கும். புரட்டிய காயைச் சல்லடையில் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் உதிரி மாவு கீழே விழுந்துவிடும். இல்லையென்றால் அது எண்ணெயின் அடியில் கருகி, அடுத்தடுத்த ஈடுகளைக் கசக்க வைக்கும். பிறகு தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு காயின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தவர்கள் எண்ணெயில் மாவு ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் நீந்துவதைப் பார்ப்பார்கள்.

சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் கனத்த வார்ப்பிரும்புச் சட்டியில்தான் பொரிப்பார்கள். பர்மிங்காமே இரும்பால் வளர்ந்த ஊர். அங்கே குன்றின் மேல் நிற்கும் வல்கன் என்ற ரோமானியக் கொல்லர் தெய்வத்தின் சிலை 56 அடி உயரம், உலகின் மிகப் பெரிய வார்ப்பிரும்புச் சிலை என்று சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். 1904-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக வார்த்தது. நமக்கு அம்மா காலத்து இரும்பு வாணலி போதும். கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய் விழுந்ததும் எண்ணெய் சட்டென்று குளிராது. மெல்லிய அலுமினியத்தில் இந்த வேலை நடக்காது.

எண்ணெய் வாணலியில் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. சுத்திகரித்த கடலை எண்ணெய் இதற்குத் தோது. செக்கில் ஆட்டியது மணமாக இருந்தாலும் சீக்கிரம் புகையும், நுரைத்துப் பொங்கவும் செய்யும். அதைத் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூடு 180 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சிட்டிகை ரவையைத் தூவிப் பாருங்கள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இன்னும் காயவில்லை. விழுந்த இடத்திலேயே பொரிந்து மிதந்தால் சரி. அந்தக் கணமே கறுத்தால் அடுப்பைத் தணியுங்கள்.

ஒரு கைப்பிடி போடுங்கள். ஒரே ஒரு கைப்பிடி. எல்லோரும் தோற்கும் இடம் இதுதான். வாணலியில் இடம் இருக்கிறதே என்று இன்னொரு பிடி போட்டால் சூடு தடாலென்று இறங்கி, காய் பொரியாமல் எண்ணெயில் வேக ஆரம்பித்துவிடும். போட்டதும் ஒரு நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள். காதைக் கொடுங்கள். முதலில் ஓட்டுக் கூரையில் அடைமழை பெய்கிற மாதிரிச் சோவென்று சத்தம் வரும். காயிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிற சத்தம் அது. மெல்ல மெல்ல மழை குறைந்து தூறலாகும். நான்கைந்து நிமிடத்தில் தூறலும் ஓயப்போகும் நேரம், அறுவடைக்கு நிற்கும் கதிரின் நிறம் வந்திருக்கும். ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்துவிடுங்கள். முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தால் கருகிவிடும். கண்ணை விடக் காதைத்தான் நம்புகிறேன். எங்கள் அடுப்படி விளக்கின் வெளிச்சத்தில் எல்லாமே பொன்னிறமாகத்தான் தெரிகிறது.

எடுத்ததைச் செய்தித்தாளில் கொட்டாதீர்கள். அச்சு மை ஒட்டும் என்பது ஒரு பக்கம். அடியில் இருப்பவை தங்கள் ஆவியிலேயே நமத்துப்போகும் என்பது இன்னொரு பக்கம். அங்கே கம்பித் தட்டு வைத்திருக்கிறார்கள். நான் காய்கறி வடிதட்டைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் பரப்புகிறேன். மேலும் கீழும் காற்றோட்டம் இருக்கும். சூடாக இருக்கும்போதே ஒரு சிட்டிகைப் பொடியுப்பைத் தூவுங்கள். ஆறிய பிறகு தூவினால் ஒட்டாமல் உதிரும். அடுத்த ஈட்டுக்கு முன்னால் மிதக்கும் துகள்களைத் தேநீர் வடிகட்டியால் அள்ளிவிட்டு, எண்ணெய் மறுபடி காய ஒரு நிமிடம் கொடுங்கள். எண்ணெய் தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டைப் போட்டு மூடுங்கள். வாணலிக்கேற்ற மூடி பக்கத்திலேயே இருக்கட்டும்.

பச்சைத் தக்காளி இன்னும் எளிது. பழுக்காத, கல் போன்ற காய் வேண்டும். லேசாகச் சிவந்தாலும் எண்ணெயில் குழைந்துவிடும். காய்க்காரம்மாவிடம் தனியாக எடுத்து வைக்கச் சொன்னபோது, பழத்தை விட்டுவிட்டுக் காயைக் கேட்கிறீர்களே என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கால் அங்குல வில்லைகளாக வெட்டி உப்புத் தூவி இருபது நிமிடம் விட்டால் தண்ணீர் விடும். துணியால் ஒற்றி எடுங்கள். முதலில் வெறும் அரிசி மாவு, பிறகு தயிர், பிறகு ரவைக் கலவை என்று மூன்று முறை புரட்ட வேண்டும்; வழவழப்பான வெட்டில் நேராக ரவை ஒட்டாது. இதற்கு நிறைய எண்ணெய் வேண்டாம். அடி தட்டையான கனத்த சட்டியில் அரை அங்குலம் ஊற்றி, பக்கத்துக்கு மூன்று நிமிடம். வெளியே மொறுக்கென்றும் உள்ளே மாங்காய் போலப் புளிப்பாகவும் இருக்கும். எனக்கு வெண்டைக்காயை விட இதுவே ஒரு படி மேல்.

மற்ற காய்களில் கத்தரிக்காயும் வெங்காய வளையமும் நன்றாக வரும். அங்கே மஞ்சள் நிறப் பிஞ்சுப் பூசணி ஒன்றைப் பொரிக்கிறார்கள். நமக்குப் பிஞ்சுப் பீர்க்கங்காய் அந்த இடத்தை நிரப்பும். உப்பு நீரில் ஊறிய வெள்ளரி ஊறுகாயைக்கூட விடவில்லை. 1963-இல் அர்கன்சா மாநிலத்து அட்கின்ஸ் என்ற ஊரில் தொடங்கிய பழக்கமாம். அதைப் பார்த்துவிட்டு உப்பு நார்த்தங்காயில் முயன்றேன். அதைப் பற்றி மேற்கொண்டு பேச விருப்பமில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைச் செய்தால் உடனே தின்றுவிடுங்கள். குடமுருட்டியில் தண்ணீர் நுரைத்து ஓடுகிற நாட்களில் காற்றிலேயே ஈரம் நிற்கிறது; கால் மணி நேரத்தில் நமத்துவிடும். மாசி, பங்குனியில் ஒரு மணி நேரம் தாங்கும். டப்பாவில் போட்டு மூடுவது எந்த மாதத்திலும் தவறு. அந்த ஊரில் இதை அவித்த பயறோடும் மக்காச்சோள ரொட்டியோடும் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் வத்தக்குழம்பில் தொடங்கி இப்போது தயிர் சாதத்தில் வந்து நிற்கிறது. கடித்தால் நொறுங்கும் வெண்டைக்காய்க்குக் குளிர்ந்த தயிர் சாதம்தான் சரியான துணை.

கடைசியில் தாம்பாளத்தில் ஒரு பிடி ரவைக் கலவையும், கிண்ணத்தில் கொஞ்சம் தயிரும் மிஞ்சும். முதல் தடவை அதைக் கொட்டப் போனேன். மனைவி பிடுங்கிக்கொண்டார். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, கெட்டியாகக் கரைத்து, காய்ந்த எண்ணெயில் சிறு சிறு உருண்டைகளாகக் கிள்ளிப் போட்டார். மகனிடம் வீடியோ அழைப்பில் காட்டினேன். இதற்கு அங்கே ‘ஹஷ் பப்பி’ என்று பெயர், மீன் பொரித்தால் கூடவே இதையும் வைப்பார்கள் என்றான். அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்டான். அவர் பதில் சொல்லாமல் அடுத்த ஈட்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.